இரண்டாவது தும்மலுக்குக் காத்திருந்த பியானோக் கலைஞர்

1977 நவம்பர் 15, செவ்வாய்க்கிழமை. காலை 5.50க்கு எழுந்தேன். ஜன்னலுக்கு வெளியே கட்டியிருந்த வெப்பமானி சுழியத்துக்கு இரண்டு பாகை கீழே காட்டியது. சவரம், குளிப்பு, தேநீர். 6.40க்கு வானொலிச் செய்தி. வழக்கமாக 7.05 பஸ்ஸில் வேலைக்குப் போகிறவன், அன்று காரில் போனேன். மதியத்தோடு அரைநாள் லீவு எடுத்திருந்தேன். 12.35க்கு வீடு திரும்பி, சோறும் பருப்பும் முட்டைக்கோவாச் சுண்டலும் சாப்பிட்டேன்.

என் நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தில் இரண்டு நிரல்கள் இருக்கின்றன. இடது நிரலின் தலைப்பு 'திட்டம்'. வலது நிரலின் தலைப்பு 'நடந்தது'. நான் ஒரு பொறியியல் நிறுவனத்தில் படவரைஞன். கோடு போடாமல் எதையும் தொடங்குவதில்லை.

இடது நிரலில் மூன்றே வரிகள். 1.00 புறப்படுதல். 1.30 மண்டபம். 2.30 வாசிப்பு.

வலது நிரல் பக்கத்தின் அடிவரை போய், அடுத்த பக்கத்திலும் அரைவாசியை எடுத்துக்கொண்டிருக்கிறது.

எதிர்க்கதவு

அப்போது ரொறொன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஆறாம் மாடியில் இருந்தோம். சென்ற வாரம் இந்தப் பத்தியில் அந்தக் கட்டடத்து லிஃப்ற் பற்றி எழுதியதைப் படித்த ஒருவர், அந்த மாடியில் வேறு யார் இருந்தார்கள் என்று கேட்டிருக்கிறார். எங்கள் கதவுக்கு நேர் எதிர்க்கதவில் லெவ் ஒசிப்போவிச் இருந்தார். ரஷ்யர். வயது நாற்பத்தெட்டு. தனி ஆள். பியானோ வாசிப்பவர்.

வந்த முதல் வாரமே கதவைத் தட்டி, தன் வாசிப்பு எங்களுக்குத் தொந்தரவா என்று கேட்டார். இல்லை என்றேன். அது முழு உண்மை இல்லை. அவர் எதையும் முழுதாக வாசிப்பதில்லை. ஒரு சின்னத் துண்டை எடுத்துக்கொண்டு, அதையே திரும்பத் திரும்ப வாசிப்பார். ஒரு சனிக்கிழமை எண்ணிப் பார்த்தேன். ஒரே துண்டு நாற்பத்துமூன்று தடவை. நாற்பத்துமூன்றாவது தடவைக்கும் முதல் தடவைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாற்பத்துநான்காவது தடவை வாசிக்கவில்லை.

"உந்த மனிசன் அடுத்த அடிக்குப் போகவே மாட்டாரோ?" என்று என் மனைவி பரமேஸ்வரி கேட்டாள்.

"போவார். அது சரியாக வந்த பிறகு."

"அதுக்குள்ள நான் அதைப் பாடமாக்கிப் போட்டன்."

தகப்பன் பெயர்

இந்த நாட்டில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் என்னை எல்லோரும் 'மிஸ்டர் கந்தையா' என்றே அழைத்தார்கள். கந்தையா என் தகப்பனார். அவர் ஒருநாளும் கனடாவுக்கு வந்ததில்லை. என் பெயர் சபாரத்தினம் என்று விளக்கி, பிறகு விளக்குவதை விட்டுவிட்டேன்.

லெவ் ஒசிப்போவிச்சுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. ஒசிப் அவருடைய தகப்பனாரின் பெயர். மரியாதையான மனிதரைத் தனிப் பெயரால் கூப்பிடுவது அவர்கள் ஊரில் அழகில்லையாம், தகப்பன் பெயரும் கூட வரவேண்டுமாம். என்னை 'சபாரத்தினம் கந்தையோவிச்' ஆக்கினார். பரமேஸ்வரியின் தகப்பனார் பெயரை விசாரித்து, அவளைப் 'பரமேஸ்வரி சிதம்பரோவ்னா' ஆக்கினார். அதைக் கேட்ட அன்று அவள் ஒரு மணித்தியாலம் சிரித்தாள். அடுத்த நாள் அவருக்கு இடியப்பம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் அவரைக் கூப்பிட்டது 'லெவ் அண்ணை'. அவர் நூற்றுக்கு நூறு வீதம் அதை ஏற்றுக்கொண்டார்.

கட்டைகள் இல்லாத பியானோ

இடியப்பம் தின்றபடி தன் கதையை அவர் துண்டு துண்டாகச் சொன்னார். ஒழுங்கில் அடுக்கினால் இப்படி வரும்.

யுத்த காலத்தில் தாயோடு உரால் மலைப்பக்கம் அனுப்பப்பட்டார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்துப் பியானோவில் ஏழு கட்டைகள் இல்லை. அந்த ஏழும் தேவைப்படாத உருப்படிகளைத் தேடித்தேடி வாசித்துப் பழகினார். பிறகு மொஸ்கோவில் படிப்பு. அங்கே அவருடைய ஆசிரியை முதல் வகுப்பிலேயே, "நீ ஏன் சில இடங்களில் பள்ளத்தைத் தாண்டுகிறவன் போல் வாசிக்கிறாய்?" என்று கேட்டாராம்.

இருபத்துமூன்று வயதில் மேற்கு ஐரோப்பிய நகரமொன்றில் பெரிய போட்டி. முதல் பரிசு. அந்த நாளைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

"அன்று காலை என்னை யாரும் 'எங்கே போகிறாய்' என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய அரசாங்க ஆள் என் கூடவே வந்துகொண்டிருந்தார்."

நாடு திரும்பியதும் அவர் படம் தபால் அட்டைகளில் வந்தது. பதினெட்டு வருடம் ஊர் ஊராக அனுப்பினார்கள். சுரங்கங்கள், துறைமுகங்கள், கூட்டுப் பண்ணைகள். சில இடங்களில் பியானோவை லொறியில் ஏற்றி, குளிருக்குப் பியானோவோடு ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு போயிருக்கிறார். பிறகு அவருடைய தம்பி நாட்டைவிட்டு வெளியேறினார். அத்தோடு இவருடைய கச்சேரிகள் நின்றன. முதலில் பெரிய மண்டபங்கள், பிறகு சின்ன மண்டபங்கள், கடைசியாக ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் பெண் பிள்ளைகள் குட்டிக்கரணம் போடுவதற்குப் பின்னணி வாசித்தார். நான்கு வருடம் விண்ணப்பித்து, வியன்னா, ரோம் வழியாக ரொறொன்ரோ வந்து சேர்ந்தார்.

இங்கே அவருக்குப் பதினொரு மாணவர்கள். ஸ்காபரோவில் வீடு வீடாகப் பஸ்ஸில் போய்ப் படிப்பித்தார். மேடையில் வாசித்து ஆறு வருடமாகியிருந்தது.

அந்த நிலையில்தான் மொன்றியலிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். கச்சேரிகளை ஏற்பாடு செய்கிறவர். நகர மத்தியில் ஒரு தேவாலய மண்டபத்தில் செவ்வாய் 2.30க்கு லெவ் ஒசிப்போவிச்சின் வாசிப்பைக் கேட்பதாகக் கடிதம் எழுதியிருந்தார். ஐந்து மணிக்கு அம்மையாருக்கு விமானம். வாசிப்புப் பிடித்தால் கச்சேரி. பிடிக்காவிட்டால் பதினொரு மாணவர்கள். மூன்றாவது வழி இல்லை.

முதல் புறப்பாடு

1.00க்குச் சரியாக நானும் அவரும் என் காரில் போகப் புறப்பட்டோம். லெவ் ஒசிப்போவிச் கறுப்பு உடுப்பு, மேலே தடித்த கோட்டு. கீழ்த்தளத்தில் கட்டடப் பராமரிப்பாளர், எல்லோரும் 'சுப்பர்' என்று கூப்பிடுபவர், நின்றிருந்தார். இடுப்பில் ஒரு கிலோ சாவி தொங்கும் நல்ல மனிதர். எங்கள் உடுப்பைப் பார்த்துவிட்டுச் சந்தோசமாகக் கேட்டார்.

"என்ன ஐயாமாரே, எங்கே கிளம்பிவிட்டீர்கள்?"

நான் பகுத்தறிவுள்ளவன் என்றுதான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன். ஆனால் என் கால்கள் நின்றுவிட்டன. நல்ல காரியத்துக்குப் போகிறவனிடம் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்கலாமா? திரும்பிப் போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு வருவதுதான் முறை. இதை ஒரு ரஷ்யருக்கு எப்படி விளக்குவது என்று திரும்பினேன்.

அவர் ஏற்கெனவே லிஃப்ற் பொத்தானை அமத்திக்கொண்டிருந்தார்.

"உங்கள் ஊரிலுமா?" என்றேன்.

"எங்கே என்று கேட்டால் வழி மூடிவிடும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கனடாவில் ஒருவருக்கும் தெரியாது."

பரமேஸ்வரி கதவைத் திறந்து இருவரையும் பார்த்தாள். "என்ன, போன கையோட வாறியள்?"

"சுப்பர் எங்க போறியள் எண்டு கேட்டிட்டார்."

"அந்தாளுக்கு வேற வேலை இல்லையே. சரி, இருங்கோ. லெவ் அண்ணை, சிற், சிற்."

தண்ணீர் குடித்தோம். அவர் குடித்த பிறகும் எழும்பவில்லை. பயணத்துக்கு முன் சற்றுநேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பது அவர்கள் முறையாம். ஒரு மணிக்கு முன் தன் வீட்டில் உட்கார்ந்தது முதல் பயணத்துக்கு, இது வேறு பயணம். ஆகவே மறுபடி உட்கார வேண்டும். நாங்கள் மூவரும் சோபாவில் வரிசையாக, பல் வைத்தியரிடம் வந்தவர்கள் போல் மூன்று நிமிடம் இருந்தோம்.

இரண்டாவதும் மூன்றாவதும்

1.16க்கு இரண்டாவது புறப்பாடு. லிஃப்ற் நான்காம் மாடியில் இருக்கும்போது அவர் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தார். கைக்குட்டை இல்லை. வேறு ஒன்று தருகிறேன் என்றேன். போட்டியில் வைத்திருந்த கைக்குட்டை என்றார். மேலே போனோம்.

மறந்த பொருளுக்குத் திரும்பினால் கண்ணாடி பார்க்காமல் வெளியே போகக்கூடாதாம். அவர் வீட்டில் கண்ணாடி குளியலறையில் மட்டும், அதுவும் விளக்குப் பழுது. எங்கள் வாசலில் தொங்கிய கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்று, கோட்டைச் சரிசெய்து, நாக்கை நன்றாக வெளியே நீட்டினார்.

"இஞ்சேருங்கோ," என்றாள் பரமேஸ்வரி மெதுவாக, "அண்ணைக்கு ஏதும் செய்யுதோ?"

"அது அவையின்ர முறை."

"நல்ல முறை."

1.31. கதவுப் பிடியில் கை வைத்தேன். அப்போது நான் தும்மினேன்.

ஒரே ஒரு தும்மல்.

பரமேஸ்வரி கதவை மூடினாள். ஒற்றைத் தும்மலில் எங்கள் வீட்டிலிருந்து குப்பைவாளிகூட வெளியே போகாது. இரண்டாவது வந்தால் பிழையில்லை. நான் லெவ் ஒசிப்போவிச்சுக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் இதுவரை கேள்விப்படாத சட்டம். ஆனால் சந்தேகிக்கவில்லை. புதிய நாட்டின் சட்டங்களை மதிக்கிறவர் போல் தலையசைத்து, என் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் பரிசு பெற்ற ஒரு பியானோக் கலைஞர் உங்கள் மூக்கைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தால் தும்மல் வராது. இது என் அனுபவம்.

1.38க்குப் பரமேஸ்வரி மிளகுத்தூள் போத்தலைக் கொண்டுவந்தாள். முகர்ந்தேன். கண்ணீர் வந்தது, தும்மல் வரவில்லை. உள்ளங்கையில் கொட்டி ஊதினாள். தூள் என்னைத் தாண்டிப் போனது. லெவ் ஒசிப்போவிச் நான்கு தடவை தும்மினார்.

"என்னுடையதைச் சேர்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார், கைக்குட்டைக்குள்ளிருந்து.

யோசித்தேன். சேர்த்தால் ஐந்து. ஐந்து ஒற்றை எண். தும்மியவரை மாற்றி எண்ணலாமா என்பதும் தெளிவில்லை. இதை நானும் பரமேஸ்வரியும் தமிழில் ஆராய்ந்துகொண்டிருந்தபோது ஒரு சத்தம் கேட்டது. அவர் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டிருந்தார்.

நேரம் 1.52.

கதிரையில் இருந்தவர்

"இன்றைக்கு வேண்டாம்," என்றார். "மூன்று தடவை வழி மூடியிருக்கிறது. நான் பிடிவாதக்காரன் இல்லை."

"அந்த அம்மையாருக்கு ஐந்து மணிக்கு விமானம்," என்றேன்.

"அவர் மீண்டும் வருவார்."

"வரமாட்டார்."

"வரமாட்டார்," என்று ஒத்துக்கொண்டார்.

அவருடைய கைகள் மடியில் கிடந்தன. இடது கை வலது கையை அமத்திப் பிடித்திருந்தது. பரமேஸ்வரி என்னைப் பார்த்தாள். நானும் பார்த்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"அங்கே என்னை வாசிக்க விடவில்லை," என்றார் அவர், கம்பளத்தைப் பார்த்தபடி. "அது ஒரு வகையில் வசதி, சபாரத்தினம் கந்தையோவிச். வாசிக்க விடாத மனிதன் எப்போதும் நன்றாக வாசிக்கிறவன்தான். இன்று போய் வாசித்தால், நான் எப்படி வாசிக்கிறேன் என்று தெரிந்துவிடும்."

கடிகாரத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

பரமேஸ்வரி அவருக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"லெவ் அண்ணை, எங்கட ஊரில ஒரு வழக்கம் இருக்கு. மூண்டு தரம் தடைப்பட்டால் இருக்கிற தடை எல்லாம் முடிஞ்சுது எண்டு அர்த்தம். நாலாந்தரம் போனால் கட்டாயம் சரிவரும். போகாமல் இருந்தால்தான் கூடாது. வீட்டுக்கே கூடாது." என் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்கோ."

அவளுடைய ஊரும் என் ஊரும் ஒன்றரை மைல் தூரம். அப்படி ஒரு வழக்கம் அந்த ஒன்றரை மைலில் எங்கும் இல்லை.

"பரமேஸ், அப்பிடி ஒண்டும்..."

"நான் சொன்னதை மட்டும் சொல்லுங்கோ. நீங்கள் இப்ப மொழிபெயர்ப்பாளர்."

மொழிபெயர்த்தேன். அவர் தலையை உயர்த்தினார். முகத்தில் ஒரு மாற்றம். ஆனால் ரஷ்யாவில் நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தவர் வாய்வார்த்தையை நம்புவாரா?

"இது எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா?"

நான் பொய் சொல்லுகிறவனில்லை. நாட்குறிப்பை எடுத்தேன். பேனா மூடியைக் கழற்றி, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று எழுதினேன்: 'மூன்று தடவை தடைப்பட்டால் நான்காம் தடவை போவது நன்மை. போகாதிருத்தல் வீட்டுக்கு ஆகாது.' மை உலர ஊதினேன். திரும்பி, "ஓம், எழுதப்பட்டிருக்கிறது," என்று காட்டினேன்.

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் தமிழ் வரிகளை இடமிருந்து வலமாக, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். ஒரு 'ஆ'வின் மேல் விரல் வைத்து, அழகான எழுத்து என்றார். பிறகு எழுந்து கோட்டை மாட்டினார்.

2.01. நான்காவது புறப்பாடு. பரமேஸ்வரி எங்களுக்கு முன்னால் ஓடிப்போய்ப் பராமரிப்பாளரைத் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லி மேலே கூட்டிப்போய்விட்டாள்.

மண்டபம்

டொன் வலி பார்க்வே நெடுஞ்சாலையில் அன்றுதான் வாழ்நாளில் முதல் தடவையாக வேக எல்லைக்கு மேல் ஓட்டினேன். எத்தனை மைல் மேலே என்பதை எழுதவில்லை. 2.33க்கு மண்டப வாசல்.

அம்மையார் மூன்றாம் வரிசையில் சாம்பல் நிறக் கோட்டோடு இருந்தார். மடியில் ஒரு கடதாசிப்பை மிட்டாய். ஒவ்வொன்றாக உரித்துத் தின்றுகொண்டிருந்தார். அந்த வெற்று மண்டபத்தில் கடதாசி நொறுங்கும் சத்தம் ஒரு ஆள் நடப்பது போல் கேட்டது.

"மூன்று நிமிடம் தாமதம்," என்றார்.

"என் மூக்கால் வந்த தாமதம்," என்றேன். அவர் மேலும் கேட்கவில்லை.

லெவ் ஒசிப்போவிச் கழுவறையில் கைகளைச் சுடுநீரில் வைத்திருந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். இருக்கையை உயர்த்தினார். தாழ்த்தினார். அம்மையார் இன்னொரு மிட்டாயை உரித்தார்.

தொடங்கினார். முதல் வரியிலேயே ஒரு கட்டை பிசகியது. எனக்கே தெரிந்தது என்றால் பாருங்கள். அவர் நின்றுவிடுவார், அந்தத் துண்டையே நாற்பத்துமூன்று தடவை வாசிப்பார் என்று பயந்து முன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

நிற்கவில்லை. அடுத்ததுக்குப் போனார்.

எனக்கு அந்தச் சங்கீதம் தெரியாது. ஆனால் இரண்டு வருடமாகக் கதவு வழியாகத் துண்டு துண்டாகக் கேட்டவை இப்போது ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சனிக்கிழமைத் துண்டு வந்தது. அதற்குப் பிறகு என்ன வரும் என்று இரண்டு வருடமாக எனக்குத் தெரியாமலிருந்தது. அதற்குப் பிறகு வந்தது மிக எளிமையான ஒன்று, ஒரு கையால் மட்டும், சத்தமேயில்லாமல். அதைக் கேட்டபோது, நாற்பத்துமூன்று தடவையும் எதற்கென்று விளங்கியது.

அம்மையாரின் விரல்களுக்கிடையில் பாதி உரித்த மிட்டாய் அப்படியே இருந்தது.

முடிந்தபோது 3.06. அம்மையார் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"தொடக்கத்தில் ஒரு தவறு," என்றார்.

"ஆம்," என்றார் லெவ் ஒசிப்போவிச்.

"பஸ்ஸில் பயணம் செய்வீர்களா?"

"லொறியில் செய்திருக்கிறேன். பியானோவுக்குப் பக்கத்தில்."

"மேற்கே, சமவெளிப் பக்கம். சின்ன ஊர்கள். எங்கள் கலைஞர் ஒருவர் நோயில் விழுந்துவிட்டார். சனிக்கிழமை புறப்பட வேண்டும். மூன்று மாதம். குளிர் அதிகம்."

"எவ்வளவு அதிகம்?" என்று அவர் கேட்டார். அம்மையார் ஓர் எண்ணைச் சொன்னார். அவர் மரியாதைக்காக வியந்தார்.

காரில் திரும்பும்போது ஒரு சிவப்பு விளக்கில் அவர் கைக்குட்டையை எடுத்து, முகத்தை மூடி, வெகுநேரம் மூக்குச் சிந்தினார். பச்சை விழுந்தும் நான் காரை எடுக்கவில்லை. பின்னாலிருந்தவர் ஹோர்ன் அடித்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது பரமேஸ்வரியிடம் கேட்டேன். "உது எந்த ஊர் வழக்கம்?"

"அந்த அவசரத்தில ஊர் பாக்கேலுமே," என்றாள். "இன்னும் கொஞ்சம் புட்டு வைக்கட்டோ?"

புதன்கிழமை

நவம்பர் 16, புதன். காலை 7.05 பஸ்ஸை விட்டுவிட்டு, 7.30க்கு முதல் வேலையாக அவருடைய மாணவர்களின் வீடுகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். தொலைபேசியில் அவருக்கு ஆங்கிலம் வராது, எதிரே இருப்பவருக்குக் கைகள் தெரியவேண்டும். பதினொரு பெயரும் இலக்கமும் அகரவரிசையில் எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் பக்கத்தில் நின்று, ஒவ்வொன்று முடிந்ததும் பென்சிலால் சரி போட்டார்.

முதல் மூன்று தாய்மாரும் வருத்தப்பட்டார்கள். நான்காவது தாயார், வகுப்பு ஏன் மூன்று மாதத்துக்கு இல்லை, அவருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

"உடம்பு நன்றாக இருக்கிறது, அம்மா. கச்சேரி வாசிக்கப் போகிறார்."

லெவ் ஒசிப்போவிச் சரி போடப் பென்சிலை எடுத்தார்.

"ஓ," என்றார் அந்த அம்மா. "அவர் வாசிக்கவும் செய்வாரா?"

செய்வார் என்று சொல்லிவிட்டு, ஐந்தாவது இலக்கத்தைச் சுழற்றத் தொடங்கினேன்.